நாலாம் லைனில வைச்சு ஆரையும் வளர்க்க ஏலாது

"முதல்ல மூண்டாம் நாலாம் லைன்ல நிண்டு தன்னைக் காட்டட்டும். பிறகு பாப்பம்."

மொன்றியல் கனேடியன்ஸ் ரசிகர்களிடம் இவான் டெமிடொவ் பற்றி வாயைத் திறந்தால் கிடைக்கிற பதில் இதுதான். ஆளுக்கு 2025 கோடையில் 19 வயது. 2024 ட்ராஃப்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர். 2025 ஏப்ரல் 14 இல் முதல் ஆட்டம் ஆடினார். அன்றைக்கே ஒரு கோல் அடித்தார், இன்னொன்றுக்குப் பாஸ் கொடுத்தார். 2025 ஒக்டோபரில் அவருடைய முதலாவது முழுச் சீசன் தொடங்குகிறது. அவரை ஆரோடு சேர்த்து விடுவது என்பதுதான் இந்தக் கோடை முழுக்க நடக்கிற சண்டை. "பெடியன் உழைச்சு மேல வரட்டும்" என்கிறவர்கள்தான் கூட. நாங்கள் மற்றப் பக்கம். முதல் ஆட்டத்திலிருந்தே டெமிடொவ், கப்டன் நிக் சுசூகிக்கும் கோல் கோஃபீல்டுக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்காக இப்ப அந்த இடத்தில் நிற்கிற யுராய் ஸ்லாஃப்கொவ்ஸ்கி எழும்ப வேண்டும். இரண்டாவது வசனத்தைச் சொன்னவுடனே எங்களோடு நின்ற பாதிப் பேர் அங்கால போய்விடுகிறார்கள். பரவாயில்லை.

ஐஸ் ஹொக்கி எங்கட ஊர் விளையாட்டு இல்லை. ஆனால் மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் மச்சான்மாரும் மச்சாள்மாரும் இருக்கிற வீடுகளுக்கு அது ஃபோனுக்குள்ளால வந்து கனகாலம். விளங்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் முழுச் சண்டையும் அதில்தான் நிற்கிறது. உதைபந்தாட்டம் மாதிரி இறக்கின ஆளே கடைசிவரை ஓடுகிற விளையாட்டு இல்லை இது. ஒரு அணியில் 12 முன்வரிசை ஆட்டக்காரர். மூன்று மூன்று பேராய் நான்கு லைன். நடுவில் நிற்பவர் சென்ரர், இரண்டு பக்கமும் விங்கர். ஒரு லைன் ஐஸில் இறங்கினால் ஒரு நிமிஷம்கூட நிற்காது. உயிரைக் கொடுத்து ஓடிவிட்டு வந்து வாங்கில் இருக்கும், அடுத்த லைன் இறங்கும். 60 நிமிட ஆட்டத்தில் முதலாம் லைனுக்கு 18, 20 நிமிடம் கிடைக்கும். நாலாம் லைனுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அதுவும் வெறும் நிமிடக் கணக்கு இல்லை. நாலாம் லைனில் நடப்பது வேறொரு விளையாட்டு. அங்கே இருப்பவர்களின் வேலை, பக்கை எதிரணியின் மூலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, கலைச்சுக்கொண்டு போய் இடிபடுவது. கோல் வாங்காமல் தங்கட ஷிஃப்டை முடிப்பது. அது மதிப்பான வேலைதான், நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் டெமிடொவ் மாதிரி பக்கைக் கையில் வைத்து, ஒரு நொடி பொறுத்து, ஒருத்தரும் பார்க்காத ஆளுக்குப் பாஸ் கொடுக்கிற பெடியன் அந்த லைனில் நின்றால் அந்தப் பாஸை வாங்கப் போகிறது ஆர்? வாங்க வேண்டியவர் ஏற்கெனவே மூலைக்கு ஓடிப்போயிருப்பார். கிரிக்கெட்டில் சொன்னால், ஆரம்ப ஆட்டக்காரரை எட்டாம் இலக்கத்தில் இறக்கி, இரண்டு ஓவர் மிச்சம் இருக்கும்போது உள்ளே அனுப்பி, "செஞ்சரி அடி, மேல ஏத்துறன்" என்கிற மாதிரி. அவர் பதினொரு ஓட்டம் எடுப்பார். பிறகு எல்லாரும் சேர்ந்து "பாத்தியளே, இன்னும் தயாராகேல்லை" என்பார்கள். வேலைக்கு இரண்டு வருஷ அனுபவம் கேட்கிற விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இந்தத் தர்க்கத்தை நாங்கள் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இது எங்கட கற்பனை இல்லை. மொன்றியலின் சொந்தச் சரித்திரத்திலேயே கிடக்கிறது.

கோஃபீல்டை எடுங்கள். 2021–22 சீசன். பயிற்சியாளர் டொமினிக் டுஷார்ம். கோல் அடிப்பதற்கென்றே பிறந்த இந்தப் பெடியன் அவருக்குக் கீழே 30 ஆட்டம் ஆடி அடித்தது ஒரேயொரு கோல். நடுவில் கீழ்மட்ட அணியான லவாலுக்கும் அனுப்பினார்கள். 2022 பெப்ரவரியில் டுஷார்மை நிறுத்திவிட்டு மார்ட்டின் சென் லூயியைக் கொண்டுவந்தார்கள். அதே கோஃபீல்ட், அதே சீசன், மிச்சம் 37 ஆட்டம்: 22 கோல். இரண்டு கிழமைக்குள்ளே ஒருத்தருக்குப் புதுக் கை முளைக்காது. சென் லூயி அவரைச் சுசூகியோடு நிறுத்தினார், ஐஸ் நேரம் கொடுத்தார், ஒரு பிழை விட்டவுடனே வாங்கில் இருத்தவில்லை. வேறொரு மந்திரமும் இல்லை.

அடுத்த சீசனில் அந்தச் சோடியின் மூன்றாவது கதிரையைக் கேர்பி டொக்குக்குக் கொடுத்தார்கள். சிக்காகோ தங்களுக்கு வேண்டாம் என்று 2022 ட்ராஃப்ட் நாளில் விற்ற ஆள் அவர். மொன்றியலில் 58 ஆட்டத்தில் 38 புள்ளி எடுத்தார். (கோலும் கோலுக்கான பாஸும் சேர்ந்ததுதான் புள்ளி.) பிறகு 2023 ஒக்டோபரில், சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. அதற்குப் பிறகு அவரை வைத்து ஒன்றையும் நிறுவ ஏலாது, எங்கட பக்கத்துக்கும் ஏலாது, மற்றப் பக்கத்துக்கும் ஏலாது.

டொக் விழுந்த அந்தச் சீசனில்தான், டிசம்பர் மட்டில, ஸ்லாஃப்கொவ்ஸ்கி அந்தக் கதிரைக்கு வருகிறார். அதுக்கு முதல் அவர் கதை என்ன? 17 வயதில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்லொவாக்கியாவுக்கு 7 கோல் அடித்து, வெண்கலம் வாங்கிக் கொடுத்து, போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். 2022 ட்ராஃப்டில் முதலாவது ஆள். மொன்றியல் அவரை 18 வயதில் நேரே அணிக்குள் எடுத்து, கீழ் லைன்களில் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்தைச் சுற்றி ஓடவிட்டது. 39 ஆட்டம், 4 கோல், 10 புள்ளி. பிறகு முழங்கால் காயம், சீசன் முடிஞ்சுது. "பிழையான ஆளை எடுத்திட்டம்" என்ற ஒப்பாரி அப்பவே தொடங்கிவிட்டது. ஆனால் சுசூகிக்கும் கோஃபீல்டுக்கும் பக்கத்தில் நிற்கத் தொடங்கிய சீசன் முடியும்போது அவர் கணக்கில் 20 கோல், 50 புள்ளி. அந்தக் கோடையிலேயே எட்டு வருஷத்துக்கு 60.8 மில்லியன் டொலர் ஒப்பந்தம். ஒப்பாரி வைச்ச ஆக்களைத் தேடினால் இப்ப ஒருத்தரையும் காணேல்லை.

ஆக, மூன்று பெடியன்கள். மூன்று பேரும் முதலில் தங்களைக் காட்டிவிட்டு அந்த இடத்துக்கு வரவில்லை. அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் தங்களைக் காட்டினார்கள்.

இப்ப மற்றப் பக்கத்தின் ஆக மோசமான உதாரணத்துக்கு வருவம், ஏனென்றால் அதை அவர்கள் தங்கட வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யெஸ்பெரி கொட்கனியெமி. 2018 இல் மூன்றாவதாக எடுத்த ஃபின்லாந்துப் பெடியன். 18 வயதில் 79 ஆட்டம், 34 புள்ளி. அதற்குப் பிறகு கீழே, மேலே, லவால், திரும்ப மேலே. 2021 இல் மொன்றியல் ஸ்ரான்லி கிண்ண இறுதிவரை போனபோது அந்தப் பிளேஒஃப்பில் 5 கோல் அடித்த அவரைக் கடைசி இரண்டு ஆட்டத்துக்கும் வெளியே இருத்தினார்கள். அந்தக் கோடையில் கரோலினா 6.1 மில்லியனைத் தூக்கிக் காட்டியது, பெடியன் போய்விட்டான். "அவர் கரோலினாவிலும் பெரிய சென்ரராய் வரேல்லையே, அப்ப மொன்றியல் செய்தது சரிதானே?" என்று கேட்கிறார்கள். அவர் பெரிய ஆளாக வரவில்லை, உண்மை. ஆனால் 18 வயதிலிருந்து 21 வரை ஒரு இடத்திலும் நிலையாய் நிற்கவிடாத ஒருத்தர் 25 இல் நிலையாய் ஆடவில்லை என்பது எப்படி அந்த முறைக்குச் சாட்சியாகும்? செடியை மாசத்துக்கு ஒருக்காப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, வேர் பிடிக்காத சாதி என்று சொல்கிற கதை.

எட்மன்டன் என்று ஒருத்தர் சொன்னால் மட்டும் நாங்கள் நிமிர்ந்து இருப்பம். அது உண்மையான வாதம். 2010, 2011, 2012 என்று தொடர்ந்து மூன்று வருஷம் ட்ராஃப்டின் முதல் ஆளை எடுத்தது அந்த அணி: ரெய்லர் ஹோல், ரயன் நியூஜன்ட்-ஹொப்கின்ஸ், நெய்ல் யாகுபொவ். பெடியன்களுக்கே ஐஸைக் கொடுத்தார்கள். 2017 வரை பிளேஒஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை, அதுவும் 2015 இல் கொனர் மக்டேவிட் என்ற பிறவி வந்து சேர்ந்த பிறகுதான். பஃபலோவும் அப்படித்தான், 2011 க்குப் பிறகு 2025 வரைக்கும் பிளேஒஃப் இல்லை. "எல்லாத்தையும் சின்னப் பெடியன்களிட்டக் குடுத்தா இதுதான் நடக்கும்" என்கிறார்கள்.

ஆனால் எட்மன்டன் செய்தது என்ன? பெடியனைப் பெடியனோடு விட்டது. 19 வயதுக்கு இரண்டு பக்கமும் 20 வயது. பிழை விட்டால் பக்கத்தில் நிற்கிறவனும் அதே பிழையைத்தான் விடுகிறான். நாங்கள் கேட்கிறது அது இல்லை. சுசூகி 26 வயதிலேயே ஒரு ஸ்ரான்லி இறுதியைக் கண்டவர்; 23 வயதில் கப்டன், மொன்றியலின் சரித்திரத்திலேயே ஆக இளைய கப்டன்; போன சீசன் 82 ஆட்டமும் ஆடி 89 புள்ளி எடுத்தவர். கோஃபீல்ட் 37 கோல். கோட்டின் இந்தப் பக்கம் ஒரு பிழை நடந்தால் அதைத் துடைக்க சுசூகி ஓடிவருவார் என்று தெரிந்தால்தான் 19 வயதுப் பெடியன் அந்த ஆபத்தான பாஸைக் கொடுத்துப் பார்ப்பான். எட்மன்டனின் பாடம் "சின்னவங்களுக்குக் குடுக்காதை" இல்லை, "தனிய விடாதை".

அப்ப மூத்தவர்களை என்ன செய்வது? இங்கேதான் எங்களில் சிலர் கொஞ்சம் அதிகமாய்க் கத்துகிறோம், "பிரெண்டன் கலகரை வித்துத் தள்ளு" என்று. தேவையில்லாத கதை. போன சீசனின் இரண்டாம் பாதியில் சென் லூயி ஒரு நல்ல வேலை பார்த்தார்: கலகர், கிறிஸ்டியன் ட்வோராக், ஜோஷ் அண்டர்சன் மூன்று பேரையும் ஒரே லைனில் போட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி இடிபடுகிறவர்கள், ஒருத்தரை ஒருத்தர் தேடத் தேவையில்லை. அந்த லைன் எதிரணிகளுக்குப் பெரிய கரைச்சலாய் இருந்தது. கலகர் 21 கோல் அடித்தார். ட்வோராக் இப்ப ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டார், ஆனால் யோசனை சரி. மூத்தவர்களை மூத்தவர்களோடு விட்டால் அவர்களும் நன்றாய் ஆடுகிறார்கள், பெடியன்களின் கதிரையும் காலியாகிறது. கலகரையும் அண்டர்சனையும் பிரித்து ஆளுக்கொரு பெடியனுக்குக் "காவல்" போடுகிற பழைய வேலையால் இரண்டு பக்கமும்தான் கெடும்.

"இனி ரீபில்ட் முடிஞ்சுது, வெல்லத் தொடங்கியாச்சு, பரீட்சை பாக்கிற காலம் போயிட்டுது" என்று இன்னொரு கோஷ்டி. கணக்கைப் பாருங்கள். 2021–22 இல் 55 அணிப்புள்ளி, லீக்கிலேயே கடைசி. பிறகு 68, 76, போன சீசன் 91. நல்ல ஏற்றம். ஆனால் அந்த 91 கடைசிக் கிழமையில் பிளேஒஃப்புக்குள் தொத்திக்கொண்டு ஏறின 91. முதல் சுற்றில் வொஷிங்டன் ஐந்து ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பியது. ஏன் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலாம் லைனை மூடினால் அடிக்க வேறு ஆள் இல்லை. இரண்டாம் லைன் என்று ஒன்று பேப்பரில் மட்டும்தான் இருந்தது. டொக் 57 ஆட்டத்தில் 22 புள்ளி, பிறகு திரும்பவும் முழங்கால். பற்றிக் லைனே அடித்த 20 கோலில் 15 பவர்பிளேயில், அதாவது எதிரணியில் ஒரு ஆள் குறைந்து நிற்கும்போது. ஐந்துக்கு ஐந்து நிற்கிற நேரம் அந்த லைன் மூச்சுவிடவில்லை.

அதுக்குத்தான் ஸ்லாஃப்கொவ்ஸ்கி எழும்ப வேண்டும் என்கிறோம். தண்டனை இல்லை. அந்தக் கதிரையில் ஒன்றரைச் சீசன் இருந்தார், கற்க வேண்டியதைக் கற்றார். போன சீசன் 51 புள்ளி, முந்தினது 50. அதே இடத்தில் நிற்கிறார். ஆறடி மூன்று அங்குல ஆள், சுவரோரம் பக்கைப் பிடித்தால் இரண்டு பேர் சேர்ந்தும் பறிக்க ஏலாது. ஆனால் பறித்து எடுத்த பக்கை உடனே சுசூகியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறார். பக்கத்தில் சுசூகி இருக்கும்வரை அப்படித்தான் செய்வார், நாங்களும் அப்படித்தான் செய்வம். 7.6 மில்லியன் வருஷத்துக்கு வாங்குகிற 21 வயது ஆள் இன்னொருத்தரின் லைனில் உதவியாளாய் எட்டு வருஷம் இருக்கப் போகிறாரா, அல்லது தனக்கென்று ஒரு லைனை இழுக்கப் போகிறாரா? அலெக்ஸ் நியூஹுக்கை நடுவில் விடுங்கள். அவர் கொலராடோவோடு 2022 கிண்ணம் வென்றவர், கால் வேகம் கூடினவர். மற்றப் பக்கத்தில் புதிதாய் வந்த ஸக்கரி போல்டூக். போன சீசன் சென் லூயிஸ் புளூஸுக்காக 19 கோல் அடித்தவர். நியூஹுக் சென்ரருக்கு முழுதாய்ப் பொருத்தமான ஆள் இல்லை என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த லைனின் பாரம் ஸ்லாஃப்கொவ்ஸ்கியின் முதுகில், அதுதான் நோக்கம்.

"அப்ப முதலாம் லைனில பக்கைத் தோண்டி எடுக்கிறது ஆர்? மூண்டு கலைஞர்மாரும் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறதா?" நல்ல கேள்வி. சுசூகிக்கு வேலை கூடும். வெளியூர் ஆட்டங்களில் அடி விழும், ஏனென்றால் ஆட்களைக் கடைசியாய் மாற்றுகிற உரிமை சொந்த மைதான அணிக்குத்தான்; அவர்கள் தங்கட ஆகப் பாரமான பின்வரிசையை டெமிடொவ் மேலே ஏவிவிடுவார்கள். ஒக்டோபரில் சில ஆட்டம் 5–2, 6–3 என்று தோற்கும். மொன்றியல் பத்திரிகைகள் தலையங்கம் எழுதும். சொந்த மைதானத்தில் சென் லூயிக்கு அந்த உரிமை இருக்கிறது, அங்கே பெடியனுக்கு இலேசான ஆட்களைப் பார்த்து இறக்கலாம். மற்றபடி அடி வாங்கத்தான் வேண்டும். அடி வாங்காமல் கற்கிற வழி ஒன்று இருந்தால் மற்றப் பக்கம் இதுவரை அதைக் காட்டவில்லை.

டெமிடொவுக்குக் கீழ் லைன் பயிற்சி ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்பதையும் ஒருத்தரும் கதைக்கிறதில்லை. போன சீசன் ரஷ்யாவின் கே.எச்.எல்லில், சென் பீற்றர்ஸ்பேர்க் எஸ்.கே.ஏ அணியில், சில ஆட்டங்களில் அவரை வாங்கிலேயே இருத்தி வைத்து ஒரு சில நிமிடம் மட்டும் இறக்கினார்கள். அப்படியிருந்தும் 65 ஆட்டத்தில் 49 புள்ளி. அந்த லீக்கில் 20 வயதுக்குக் கீழே ஒருத்தர் ஒரு சீசனில் எடுத்த ஆகக் கூடின புள்ளி அது. "தன்னைக் காட்டட்டும்" என்கிறவர்களுக்கு இன்னும் என்ன காட்ட வேண்டும்?

சென் லூயி இதைச் செய்யாமல் விட்டால் எங்களுக்குக் கோவம் இரண்டு மடங்கு. அவர் ஆர்? ஐந்தடி எட்டு அங்குலம். ட்ராஃப்டில் ஒரு அணியும் எடுக்காத ஆள். கல்கரி அவரைக் கீழ் லைன்களில் வைத்து 69 ஆட்டம் ஆடவிட்டு, 20 புள்ளியோடு 2000 ஆம் ஆண்டில் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டது. அங்கே அவர் "தன்னைக் காட்டவில்லை". நாலு வருஷத்தில் ரம்பா பேயில் லீக்கின் ஆகக் கூடின புள்ளி, சிறந்த ஆட்டக்காரர் விருது, ஸ்ரான்லி கிண்ணம். 2018 இல் புகழ்மண்டபம். நாலாம் லைன் ஒரு ஆளை எப்படி மறைக்கும் என்று இந்த லீக்கில் அவரை விட ஆருக்குத் தெரியும்?

ஒரேயொரு நிபந்தனை. போட்ட லைனை இருபது ஆட்டத்துக்குத் தொடக்கூடாது. இரண்டு ஷிஃப்ட் பிழைத்தவுடனே பேப்பரைக் கிழித்துப் புது லைன் எழுதுகிற வியாதி மொன்றியலுக்குப் பழைய வியாதி, சென் லூயிக்கும் கொஞ்சம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருக்கா யோசித்து மாற்றுவது வேறு, மூன்றாவது பீரியட்டில் பதறி மாற்றுவது வேறு. இருபது ஆட்டம் முடிய, நவம்பர் கடைசி மட்டில, நாங்கள் சொன்னது பிழையென்றால் வந்து திட்டுங்கள், திகதியோடு எழுதி வைத்திருக்கிறோம்.

முதல் ஆட்டம் 2025 ஒக்டோபர் 8, ரொறன்ரோவில். எங்களுக்கு 9 ஆம் திகதி விடிய நாலரை. ஆட்டம் தொடங்க முதல் வோர்ம்-அப்பில் லைன் லைனாய் ஓடுவார்கள், கதை அங்கேயே தெரிந்துவிடும். சுசூகி 14, கோஃபீல்ட் 13. அவர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிற மூன்றாவது முதுகில் 20 இருக்கா 93 இருக்கா என்று மட்டும் பாருங்கோ.